எண்ணெய் ஆகாத இடம்

பாலத்தின் உச்சிக்கு இன்னும் நாலு விளக்குக் கம்பம் இருக்கும்போது
இரைச்சல் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை.
பின்னால் பெட்டியில் மண்டபத்து ஐஸ்.
நான் முறுக்க முறுக்க அழுதது ஸ்கூட்டர்.
ரப்பர் கருகும் வாடை
கச்சான் காற்றையும் மீறி மூக்குக்கு வந்தது.
இறங்கித் தள்ளினேன்.
வந்த வழியெல்லாம் தாரில் சொட்டுச் சொட்டாகக்
கணக்கு எழுதிக்கொண்டே வந்தது ஐஸ்.
பாம்பனில் நாட்டுப்படகுக்காரர்கள்
வேறு ஆளிடம் வாங்கியிருந்தார்கள்.
முந்நூற்றைம்பது ரூபாய்த் தண்ணீரை
ஒரு வேப்பங்கன்றுக்கு ஊற்றினேன்.

தங்கச்சிமடம், மாலை நாலு மணி.
சாக்கை விரித்து
இடப்பக்க மூடியைக் கழற்றுகிறேன்.
எட்டாம் நம்பர் போல்ட் பத்து.
ஒன்பது வந்தன.
பத்தாவது உப்போடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது.
அதன் தலையில் சுத்தியலால் மூன்று தட்டு,
ஒரு கெட்ட வார்த்தை.

மூடி வந்ததும் விளங்கிவிட்டது.
கறுப்புத் தூள் இருக்கவேண்டிய இடத்தில்
மஞ்சளாக, வழவழவென்று,
கண்ணுக்கு மை தீட்டியதுபோல் ஓரம் பிசகாமல்
கிரீஸ்.

"சந்தியாகு!"

தடைக்காலத்தின் முப்பத்திரண்டாம் நாள்.
விசைப்படகில் என்ஜின் பார்க்கிற கை
கரையில் சும்மா கிடக்காது.
கதவுக் கீலுக்கு வைத்தாயிற்று,
தையல் மெஷினுக்கு, அடிபம்புக்கு,
பக்கத்து வீட்டு ரீட்டா அக்காவின் கத்தரிக்கோலுக்கும்.

"உப்புக் காத்து இரும்பத் தின்னுருமே,
அதான் ஒனக்காக…"
மேலே சொல்லவில்லை.
என் கையில் ஸ்பேனர் இருந்தது.

அவன் கடலில் அவன் சொல்வது சரி.
எண்ணெய் காணாத எதுவும் அங்கே ஒரு வாரம் தாங்காது.
இங்கே நடப்பது வேறு.
இரண்டு இரும்புக் கன்னங்களுக்கு நடுவில் ஒரு பெல்ட்.
வேகம் பிடித்தால் உள்ளிருக்கும் ஆறு உருளைகள்
விளிம்புக்கு ஓடிக் கன்னத்தை நெருக்கும்,
பெல்ட் மேலே ஏறும்,
பின்னால் இருக்கிற கப்பி
அந்த அளவுக்கு வாய் திறந்து இடம் விடும்.
பல் கிடையாது, சங்கிலி கிடையாது.
பிடிமானம் ஒன்றுதான்.

"படகு கியர்பாக்ஸ் முழுக்க எண்ணெயிலதான கெடக்கு?"
"இது படகில்ல."
டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினான்.

முன்கப்பியைத் தூக்கியதும் உருளைகள் கொட்டின.
சாக்கில் ஐந்து.
ஆறாவதைத் தேடி
கோழிக்கூட்டுக்கு அடியில் கைவிட்டான்,
வலைக்குவியலை உதறினான்,
தன் உள்ளங்காலடியிலிருந்தே எடுத்துக் கொடுத்தான்.
எல்லாம் ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகியிருந்தன.
கமருதீன் கடையில் ஒரு செட் இருநூற்று நாற்பது;
இந்த மாதம் முடியாது.
தேயாத பக்கம் பார்த்து மாட்டிக்கொள்ளலாம்.

பெட்ரோல் தொட்ட துணியால் கன்னங்களைத் துடைத்தேன்,
துணியில் கறை வராத வரைக்கும்.
கிளட்ச் மணியின் உள்பக்கம்
கண்ணாடிபோல் முகம் காட்டியது.
உப்புத்தாள் போட்டு அந்த அழகைக் கெடுத்தேன்.
பெல்ட்டுக்குச் சோப்புத் தண்ணீர்.
கொடியில் பள்ளிக்கூடப் பாவாடைக்கும் அவன் லுங்கிக்கும் நடுவில்
காற்றில் ஆடிக் காய்கிறது.
கடற்கரைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.

விளக்கு வைத்தபின் கோத்தோம்.
அம்புக்குறி ஓடுகிற திசைக்கு.
பின்கப்பிக்குள் மூன்று சிறு ஊசிகள்,
அங்கே மட்டும் கொஞ்சம் கிரீஸ் வேண்டும்.
டப்பாவை அவனிடம் நீட்டினேன்.
நம்பாமல் என்னைப் பார்த்தான்.
பிறகு தீக்குச்சி முனையில்,
பிள்ளையின் கண்ணுக்கு மருந்து வைப்பதுபோல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான்.

"இம்புட்டுப் போதுமா?"

"பாதி."