நாலேகால் அடி

வாலிநோக்கத்துக்கு வடக்கே முக்கால் ஏக்கர் மிளகாய்ப் புஞ்சை.
எஸ்டிமேட்டில் குட்டை ஐந்தடி.
நாலேகாலில் கைநீட்டிப் பொக்லைனை நிறுத்தினாள் காளிமுத்தம்மாள்.
வாளிப் பல்லில் ஒட்டிய சேற்றை
நாக்கில் வைத்துத் துப்பினாள்:
"இதுக்குக் கீழ கடலு."

முக்கால் அடி குறைந்தால் மானியம் நிற்கும் என்றார் ஓவர்சியர்.
"தோண்டுன மண்ணெல்லாம் கரையிலதான கெடக்கு,
அது மேலருந்து அளங்க சார்."
அவர் சிரிக்கவில்லை.
எதையோ எழுதிக்கொண்டு வண்டியேறினார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரே ராத்திரி மழை.
விடியுமுன் இறங்கி
ஒரு கை அள்ளிக் குடித்தாள்.
மண் வாடை. உப்பில்லை.

தையில் வானம் வெளுத்துப் பூ உதிரும் நேரம்
குடம் குடமாய்த் தூருக்கு ஊற்றுகிறாள்.
பாஸ்புக்கில் வரவு ஏறவில்லை இன்னும்.
குட்டையில்
முழங்கால் ஆழம் பாக்கி.