லயம் எண் ஒன்பது

கூடலூர் தாண்டியதும் பெனடிக்ட் கார்க் கண்ணாடியை ஏற்றினான்.
மழை இல்லை. மழைக்கு முந்திய வாசனை,
அதுவும் தேயிலை ஃபாக்டரிப் புகை கலந்தது.
ஊட்டியில் வாங்கிய வர்க்கி
நடுவட்டத்து வளைவுகளிலேயே தீர்ந்துவிட்டது.
என் மடியில் கைப்பை, அதற்குள் உரைகல்,
உரைகல்லின் மேல் மடித்த ஏல நோட்டீஸ்:
ஒற்றைவடச் சங்கிலி,
நிகர எடை பதினோரு கிராம் இருநூறு,
தவமணிதேவி, லயம் எண் ஒன்பது, தேவாலா.
மூன்று முறை தபால் திரும்பி வந்தது.
நேரில் போய்க் கையெழுத்து வாங்கு என்றார் மேனேஜர்.

நாடுகாணியில் ஒரு சாலை நிலம்பூருக்கு இறங்கியது.
பெனடிக்ட் அந்தப் பக்கமே பார்த்தான்,
பொரித்த மத்தியின் ஞாபகத்தில்.
நான் மற்றதைக் காட்டினேன்.

"இந்த ஊர்ப் பேரைச் சொல்லி
லண்டன்ல பங்கு வித்தாங்களாம் சேச்சி,"
டீ ஆற்றியபடி சுனீர் சொன்னான்.
"மலையெல்லாம் தங்கம்னு."
எதிரே ஒரே ஒரு ஏடிஎம்.
அதிலும் பணமில்லை.

லயம் எண் ஒன்பதுக்குக் கூரையும் இல்லை.
உள்ளே ஆடு கட்டியிருந்தது.
கயிற்றைப் பிடித்திருந்த பையன்
அம்மா கொழுந்துக்குப் போயிருக்கு என்றான்,
நாலு மணிக்குத்தான் நிறுவை,
அதுவரைக்கும் சுரங்கம் பாக்கறீங்களா?

ஆள் உயர வாய். பெரணி தொங்கியது.
குளிர்பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு மூச்சு,
கணுக்கால் தண்ணீர், வௌவால் வீச்சம்.
நிசாந்தன் சுவரில் ஒரு சில்லைப் பெயர்த்துக் கொடுத்தான்.
மினுங்கியது.
பழக்கதோஷம், உரைகல்லை எடுத்துவிட்டேன்.
தேய்த்தேன். கோடு விழவில்லை.
"காக்காப்பொன்னுடா."
"தெரியும்க்கா. டூரிஸ்ட்டுக்கு இருபது ரூவா."

தவமணிதேவி நாலரைக்கு வந்தாள்,
நெற்றியில் கூடைக்கயிற்றின் தடம்.
"இருபத்திமூணு கிலோ. தண்ணிக்குன்னு ரெண்டைக் கழிச்சிட்டான்."
நானும் கழிப்பவள்தான்,
அரக்குக்கு, கல்லுக்கு, பொடிக்கு.
சொல்லவில்லை.

நோட்டீஸின் இரண்டு பக்கமும் படித்தாள்,
யாரும் படிக்காத பொடி எழுத்தையும்.
இன்றைய விலை கேட்டாள்.
மகனின் பென்சிலால் நிறுவைச் சீட்டின் பின்னே கணக்குப் போட்டாள்.
"அசலும் வட்டியும் போக
பதினோராயிரத்துச் சொச்சம் எனக்கு வரணும். எப்ப வரும்?"
ஆறு வருடத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை.
கடிதம் வரும் என்றேன்.
"எங்க வரும்? நான் பத்தொன்பதுல இருக்கேன்.
ஒம்பதுன்னு எழுதினது யாரு?"

அந்த ஒன்பது என் கையெழுத்து.
வால் சுழித்து எழுதுவேன்,
அழகாக இருக்கிறது என்பார்கள் ஆபீசில்.

கையெழுத்துப் போட்டாள்.
"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," கோபமில்லாமல்.
கோபம் இருந்திருந்தால்
சீனி போதவில்லை என்றாவது சொல்லியிருப்பேன்.

மரப்பாலம் பக்கம் யானை.
பெனடிக்ட் விளக்கை அணைத்தான்.
நாற்பது நிமிடம், இருட்டில் மூங்கில் ஒடியும் சத்தம்.
செல்பேசி மட்டும் ஒருதரம் ஒளிர்ந்தது:
கிராமுக்கு நாற்பது ரூபாய் ஏற்றம்.
பதினோரு கிராம் இருநூறு.
நானூற்று நாற்பத்தெட்டு.
அந்த வெளிச்சம் அணைவதற்குள்
அவள் கணக்கின் ஓரத்தில் கூட்டி எழுதினேன்,
பிறகு நோட்டீஸின் மேலே
ஒன்பதுக்கு முன்னால் ஒரு பத்து.

"பேனா சத்தம் கேக்குது," என்றான் பெனடிக்ட்,
"சும்மா இரு."