இளஞ்சிவப்பு

முந்நூறு கிலோமீட்டர்
வெயிலில் மல்லாந்து கிடந்தபடியே வருகிறது
மர்ரே ஆற்றின் தண்ணீர்.
புதைக்கக் காசில்லாமல்
உப்புப்புதர்களின் மேலேயே போட்டுவிட்டுப் போன இரும்புக் குழாய்.
ஜனவரியில் தொட்டால் உள்ளங்கை கொப்புளிக்கும்.
பச்சைத் தண்ணீர் என்பது எங்கள் ஊரில்
குளிர்காலத்துச் சொல்.

போன கோடையில் ஹாலக் வீட்டுப் பையன்
தலைவலி என்று வெள்ளிக்கிழமை படுத்தான்.
செவ்வாயன்று அடிலெய்டில்
முதுகுத்தண்டு நீரில் கிருமி தேடினார்கள்.
இல்லை.
வெள்ளையணுக்கள் மட்டும், ஏராளமாய்.
இரவுப்பணியில் இருந்த மாவிஸ்
கண்ணாடித் தகட்டை எடுத்து வைக்க மறந்து
தேநீர் குடிக்கப் போனாள்.
திரும்பி வந்து பார்த்தால்
வெள்ளையணு ஒன்று
இருந்த இடத்தில் இல்லை.
நடந்திருந்தது.

அது யாரையும் தேடி வருவதில்லையாம்.
சேற்றில் பாக்டீரியா மேய்ந்து திரிகிற பிராணி.
குடித்தால் வயிற்றிலேயே செத்துப்போகும்.
மூக்கில் ஏறினால்தான் வழி தவறி
வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே போகும்.
போன இடத்திலிருந்து அதற்கும்
திரும்ப வழி கிடையாது.
இதை நான் ஹாலக்கிடம் சொல்லவில்லை.
எதற்கு?

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்த வேலை:
வண்டி, குளோரின் பீப்பாய், சோதனைக் குழல்.
மாத்திரை போட்டு ஆட்டினால்
தண்ணீர் இளஞ்சிவப்பாக வேண்டும்.
அறுபதாவது கிலோமீட்டரில் நல்ல ரோஜா.
இருநூறில் பூனையின் நாக்கு.
ஊரின் கடைசித் தெருவில்
சிவப்பா, என் ஆசையா
என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று.

இன்று ஷுல்ஸ் வீட்டு முற்றத்தில்
ரப்பர் தொட்டி, மூன்று பிள்ளைகள்.
ஒருத்தன் மூக்கைப் பிடிக்காமல் முங்குகிறான்.
வண்டியை நிறுத்தினேன்.
டீ வேண்டுமா என்றாள் டோரின்.
தொட்டித் தண்ணீரைக் குழலில் மொண்டு
மாத்திரை போட்டு ஆட்டினேன்.
ஆட்டிக்கொண்டே நின்றேன்.
சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்:
பளிங்கு.
இவ்வளவு தெளிந்த தண்ணீரை
இந்த ஊரில் நான் கண்டதே இல்லை.

"கவிழ்த்துடுங்க."
"இப்பத்தான் ரொப்பினேன். மீட்டருக்கு நீங்களா கட்டுவீங்க?"

நானே ஒரு பக்கம் பிடித்துச் சாய்த்தேன்.
பிள்ளைகள் கத்தினார்கள்.
கடைக்குட்டி என் முழங்காலில் உதைத்தான்.
செம்மண்ணில் ஓடியபோதுதான்
கொஞ்சம் சிவந்தது தண்ணீர்.
நாய் வந்து நக்கியது. நக்கட்டும்,
நக்கினால் ஒன்றுமில்லை.

சொட்டச் சொட்ட நின்ற கடைக்குட்டி
அழுகைக்கு நடுவே
மூக்கை உறிஞ்சினான்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பிய பிறகும்
அந்தச் சத்தம் கேட்டது.