நாள் கணக்கு

ஆடிட்டர் ஆபீசில் எனக்குக் கொடுத்த வேலை
கஜபதி சாரின் பாஸ்போர்ட்டை விரித்து வைத்து
முத்திரைகளை எண்ணுவது.
மீனம்பாக்கத்தில் இறங்கிய நாள், ஏறிய நாள்,
இரண்டும் இந்தியாவில் இருந்த நாள்தான் என்று
ஆடிட்டர் சொல்லியிருக்கிறார்.
இந்த வருஷம் நூற்றெண்பத்தொன்று வரை போகலாம்.
ஒன்று கூடினால்
துபாயில் சம்பாதித்ததற்கும் இங்கே வரி.

சில முத்திரை பாதிதான் விழுந்திருக்கும்.
எட்டா மூன்றா என்று
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பேன்.
ராணிப்பேட்டை வெளிச்சத்துக்கே
தோல் வாடை உண்டாம்.
வெளியூர்க்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போனில் கேட்பார்:
"ஏம்மா வேதநாயகி,
எனக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி?"
டாக்டரிடம் கேட்பது போல இருக்கும்.
"பதினொன்று சார்."
தைப்பூசத்துக்கு ரத்தினகிரி வந்தார், இரண்டு கழிந்தது.
மச்சான் சாவுக்கு வந்தார், மூன்று.
பதினாறாம் நாள் காரியத்துக்கு
வரவில்லை.

கெட்டவர் என்று எழுத எனக்கு மனசில்லை.
கொரோனாவில் மூன்று மாதம்
ஆலை ஓடாமலே அரைச் சம்பளம் கொடுத்தார்.
இத்தாலிக்காரன் ஏமாற்றியதும் உண்மை.
ஒருமுறை இதே நாற்காலியில் உட்கார்ந்து
"பொண்ணுக்கு இளைப்பு சார்,
இந்தத் தண்ணியில குழந்தையக் குளிப்பாட்ட முடியுமா?" என்றார்.
ஆடிட்டர் நிமிரவில்லை.
அந்தத் தண்ணீருக்குள் எந்த டிரம்மிலிருந்து
என்ன இறங்கியது என்பது
எங்கள் அலமாரியில் மூன்றாம் தட்டில்
வாரிய நோட்டீசாக இருக்கிறது.

பணம் போனபோது சத்தமே இல்லை.
நான்தான் தட்டச்சு செய்தேன்.
அனுப்பும் நோக்கம்:
நெருங்கிய உறவினர் பராமரிப்பு.
என்டர் தட்டினேன்.
மேலே ஃபேன் பாட்டுக்குச் சுற்றியது.

சத்தம் பிறகு வந்தது, அதுவும் சின்னதாக.
ஐந்தரை மணி கலவை பஸ்சில்
எனக்கு உட்கார இடம் கிடைத்தது.
முத்துக்கடையில் பூக்காரி
கேட்காமலே ஒரு முழம் கூட அளந்தாள்.
நகைக்கடன் கவுன்டரில் மட்டும்
புதிதாக இன்னொரு நாற்காலி.

மார்ச்சில் வேறொரு கட்டு வந்தது,
டிசம்பரில் மூடிய யூனிட்டின் வருகைப் பதிவேடு.
இதிலும் நாள்தான் எண்ண வேண்டும், ஆனால் தலைகீழாக.
ஐந்தாம் வருஷத்தில் இருநூற்று நாற்பது இருந்தால்
கிராஜுட்டி.
அஞ்சலாட்சி, ஷூ அப்பர் தையல், ஊர் திமிரி.
சம்பளத்தோடு விட்ட லீவையும் சேர்த்து
நான்கு தடவை எண்ணினேன்.
இருநூற்று முப்பத்தொன்று.

அவருக்கு ஆறு நாள் மிச்சம்,
அவளுக்கு ஒன்பது நாள் குறை.
எடுத்துக் கொடுத்தாலும்
போதாது.

திங்கட்கிழமை அவளே வந்தாள்.
செருப்பை வாசலில் விட்டுவிட்டு,
உட்காரச் சொல்லியும் உட்காராமல் கேட்டாள்:
"எனக்கு இன்னும் எத்தினி நாளு பாக்கிமா?"

ஒன்பது என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது.
"அவ்ளோதானா?
வந்து தச்சிக் குடுத்துட்டுப் போறேன்.
என் மெஷினு அங்கதான கீது?"

அது போன வாரமே கன்டெய்னரில் ஏறிவிட்டது.
நான்கு பக்கப் பட்டியல்,
நான்தான் சரிபார்த்தேன்.

மேஜையில் புதிதாக மூன்று பாஸ்போர்ட்.
எனக்கு இந்த மாதம் ஐநூறு ரூபாய் கூட்டியிருக்கிறார்கள்.
அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.
நான் ஒன்றை எடுத்து
வெளிச்சத்தில் பிடிக்கிறேன்,
எட்டா, மூன்றா.