காரணம்: மற்றவை

டான்காஸ்டர் புறவழிச்சாலையை ஒட்டிய கிடங்கில்
ஏழாம் மேசை என்னுடையது.
திரும்பி வரும் காற்றுச் சுத்திகரிப்பான்களைத்
திறந்து பார்க்கிற வேலை.
மணிக்குப் பதினொன்று.
பத்தாகிவிட்டால் கேரத் பின்னால் வந்து நிற்பான்,
ஒன்றும் சொல்லாமல்,
கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு.

போன வருடம் இதே மேசையில்
டோஸ்டர்கள், ஹேர் டிரையர்கள்,
நடுவில் ஒன்றிரண்டு இவை.
இந்தக் குளிருக்கு டோஸ்டர்களை
அடுத்த வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிறது சந்தை.
வாங்குகிறவர்களும் பாவம்,
எதைத் தூற்றுவதென்று தெரியாமல்
ஜன்னலை மூடிவிட்டு வாங்குகிறார்கள்.

பின்மூடியைக் கழற்றினால்
ஒரு வீடு தெரியும்.
வெள்ளையாகப் போன வடிகட்டி
சாம்பலாக வந்திருக்கும். மஞ்சளென்றால் சிகரெட்.
லீட்ஸிலிருந்து வந்ததில்
பூனை மயிர் மெத்தைபோல் படிந்திருந்தது.
‘எங்கள் வீட்டில் பிராணிகள் இல்லை’
என்று சீட்டு வைத்திருந்தார்கள்.
ஹல்லிலிருந்து வந்ததில் கோதுமை மாவு.
ஒன்றில் ரோஜா நிற மினுமினுப்பு,
யாருடைய பிறந்தநாளோ.
ஒன்றில் ஊதுபத்தி.
அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் துடைத்தேன்.
கேரத் வந்து நின்றான்.

அனுப்புகிறவர்கள் சொல்லும் காரணங்கள்
திரையில் வரும்.
சத்தம் அதிகம்.
சோபாவின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை.
மனம் மாறிவிட்டது.
‘ஜன்னலைத் திறந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது,
பயமாக இருக்கிறது’ என்று ஷெஃபீல்டுக்காரர் ஒருவர்.
ஐயா, அதற்குத்தானே வாங்கினீர்கள்.
ஆனாலும் பணம் முழுதாகத் திரும்பிப் போயிற்று.
உண்மை சொன்னதற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட
யந்திரத்தை அன்றுதான் பார்த்தேன்.

‘ஊரார் மூச்சையெல்லாம் துடைக்கிறோம்,
நமக்கு வாரத்துக்கு ரெண்டே முகமூடி’
என்பாள் ஆறாம் மேசை போஷெனா.
சிரித்தால் அவளுக்கு இருமல் வரும்.

வியாழக்கிழமை, ரோதரமிலிருந்து ஒன்று.
பழையதைக் கொடுத்துப் பெரியது வாங்கும் திட்டத்தில்
பதினோரு மாதம் ஓடி வந்தது.
முகப்பில் ஸ்டிக்கர் கண்கள்,
ஒன்று பாதி உரிந்திருந்தது.
உள்ளே, கையால் எழுதிய கடிதம்:

‘இதை அனுப்ப மனமே இல்லை.
இது வந்த முதல் இரவே
ஆர்லோ இருமாமல் தூங்கினான்.
அவன் இதற்கு டங்கன் என்று பெயர் வைத்திருக்கிறான்.
செய்தவர்கள் யாராயிருந்தாலும் நன்றாயிருங்கள்.
பெத்தனி ஹோல்ராய்ட்.’

பின்மூடியைக் கழற்றினேன்.
வடிகட்டி
பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.
ஒட்டியது ஒட்டியபடி.
‘பயன்படுத்துமுன் உறையை அகற்றவும்’
சிவப்பெழுத்து மங்கக்கூட இல்லை.
பதினோரு மாதம் விசிறி சுற்றியிருக்கிறது,
பச்சை விளக்கு எரிந்திருக்கிறது,
ஒரு பிடி காற்றுகூட உள்ளே போகவில்லை.

உறைமேல் ஊதினேன். கொஞ்சம் தூசி பறந்தது.
அவ்வளவுதான் டங்கன் பிடித்து வைத்திருந்தது.

நான்காம் எண்ணை அழுத்தினால்
‘வாடிக்கையாளர் பிழை’.
ஒரு நிமிடத்தில் ரோதரமுக்குக் கடிதம் போய்விடும்,
படத்தோடு, பணிவான ஆங்கிலத்தில்.
அழுத்தாவிட்டால்
பெரிய மாடலும் இதே உறையோடுதான்
இந்நேரம் அவர்கள் கூடத்தில் நிற்கும்.
விரல் நான்கின்மேல் இருந்தது.
‘என்ன அதில்?’ என்றாள் போஷெனா.
நான் மூச்சு விடவில்லை.

ஒன்பதை அழுத்தினேன். மற்றவை.
விவரம் எழுதச் சொல்லிக் கட்டம் திறந்தது.
அதில் ஒரு புள்ளி வைத்தேன்,
புள்ளி இல்லாமல் அடுத்த பக்கம் வராது.
உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.
ஸ்டிக்கர் கண்களை உரிக்கத்தான்
நேரம் பிடித்தது.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.
இரண்டாம் தரம், ஊழியர் தள்ளுபடி.
குளியலறைச் சுவரில் பூஞ்சை.
ஜன்னலைத் திறந்துவையுங்கள் என்கிறார் வீட்டுக்காரர்.
திறந்தால் எம் பதினெட்டு நெடுஞ்சாலை,
இரவெல்லாம் லாரிகள்.

வேலை முடிந்து வந்தபோது மணி இரண்டு.
பச்சை விளக்கு.
முகிலன் இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.
உறையைப் பிரித்தது நானா அவரா
எவ்வளவு யோசித்தும் நினைவில் வரவில்லை.
குனிந்து பின்மூடியில் கைவைத்தேன்.
இளஞ்சூடு, மெல்லிய நடுக்கம்.

கழற்றவில்லை.