ஒற்றை யூரோ

முதலில் விசிட்டிங் கார்டு நுழைந்தது.
கூரை ஓடு மாற்ற வந்தவன் விட்டுப்போன கார்டு,
மூலை மடிந்தது.
அது ஜூன்.

ஜூலை பதினான்கு.
புல் பற்றிக்கொள்ளுமென்று
வாணவேடிக்கைக்குத் தடை.
வானம் சும்மா கிடந்த அந்த இரவில்
சமையலறைச் சுவரோரம் மண்டியிட்டு
ஒரு யூரோ நாணயத்தைச் செருகிப் பார்த்தேன்.
பாதிக்குமேல் உள்ளே போனது.
எடுக்கத் தோன்றவில்லை.

எங்கள் வீடு களிமண்மேல் நிற்கிறது.
துலூஸுக்கு மேற்கே இந்தப் பக்கம் பாதி வீடுகள் அப்படித்தான்.
வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும்
ஜன்னலில் தெரிந்த சூரியகாந்திக் காட்டைத்தான்
பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

இரண்டு கோடையாக மழையில்லை.
தண்ணீர் வற்றினால் களிமண்
காய்ச்சலில் கிடந்தவன்போல இளைத்துவிடுகிறது.
மேலே போட்ட சட்டை தொளதொளக்கும்.
சட்டை, எங்கள் வீடு.

தெற்கு மூலை இறங்கிக்கொண்டிருக்கிறது.
நிழலில் இருக்கும் வடக்கு மூலை
வைத்த இடத்திலேயே வீம்பாக நிற்கிறது.
இரண்டுக்கும் நடுவில் மேசை போட்டுச் சாப்பிடுகிறோம்.
உரிக்கும்போது தவறிய பட்டாணி
எந்தப் பக்கம் விழுந்தாலும்
தெற்கே போய்ச் சேர்கிறது.

குளியலறைக் கதவு சாத்துவதில்லை.
அதனால் உள்ளே இருக்கும்போது
கயெத்தான் சீட்டியடிப்பான்.
ஒரே மெட்டு, அதிலும் பாதி.
இரவு மூன்று மணிக்கும் கேட்கும்.
முதல் வாரம் சிரித்தேன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும் தடை வந்தது.
பாத்திரம் கழுவிய நீரை வாளியில் சேர்த்து
இருட்டிய பிறகு கொண்டுபோய்த்
தெற்கு மூலைக்கு ஊற்றுவேன்,
பாலாடையில் புகட்டுவதுபோலக்
கொஞ்சம் கொஞ்சமாக.
“ஒரு செடி வைத்ததில்லை நீ,
வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாய்” என்றான்.
மறுநாள் குளித்த நீரை
அவனே தூக்கி வந்தான்.

சாலைக்கு அந்தப் பக்கம் வேறு ஊராட்சி.
அங்கே திருமதி தஸ்த்யூக்கின் வரவேற்பறையில்
மயிரிழை அளவு ஒரு கீறல்.
அரசிதழில் அவர்கள் ஊர்ப்பெயர் வந்தது,
இயற்கைப் பேரிடர் என்று.
எங்கள் பெயர் இல்லை.
தார்ச்சாலைக்கு அடியில் களிமண்
யாரைக் கேட்டு நின்றுகொண்டது?
அவள் ஒரு பிளம் கேக் கொண்டுவந்தாள்.
குற்றம் செய்தவள்போல வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.
நன்றாகவே இருந்தது கேக்.

மேயர் மனுப் போட்டார்.
நவம்பரில் எங்கள் பெயரும் வந்தது.
கூடவே மழையும்.

காப்பீட்டு நிறுவனத்தின் எஸ்கிரோல் வந்தபோது
ஜனவரி இருபத்து மூன்று.
ஆறு வாரம் குடித்துக் குடித்து
மண் உப்பிப் போயிருந்தது.
சுவர் வாயை மூடிக்கொண்டது.
குளியலறைக் கதவு டக்கென்று சாத்தியது.
ஆகஸ்டில் எடுத்த படங்களைக் காட்டினேன்.
படத்தில் அளவு தெரியாது என்றார்.
கண்ணாடித்தாள் அளவுகோலைச் சுவரில் வைத்துப்
“பூச்சு விரிசல்” என்றார்.

அந்த நாணயத்தை எடுங்கள் பார்க்கலாம் என்றேன்.

நகத்தால் இழுத்தார்.
பேனா மூடியால் நெம்பினார்.
கொஞ்சம் வெட்கப்பட்டுக் குறடு கேட்டார்.
சுவர் விடவில்லை.
அந்நேரம் குளியலறையில் சீட்டிச் சத்தம்.
கதவு தாழிட்டிருந்தும், பழக்க தோஷம்.
எஸ்கிரோல் நிமிர்ந்து பார்த்தார்.
யாரென்று கேட்கவில்லை.
பிறகு எதையோ எழுதினார்,
நீளமாகத்தான் எழுதினார்.
எனக்குத் தலைகீழாகப் படிக்க வராது.

கடிதம் இன்னும் வரவில்லை.

மார்ச் கடைசியில்
சமையலறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.
வெளியே பத்து நாளாக நல்ல வெயில்.
அதற்குள் எல்லோரும் குட்டைக்கை சட்டைக்கு மாறிவிட்டார்கள்,
இப்படியொரு வசந்தமா என்று சந்தோஷப்பட்டார்கள்.
ஏதோ டிங்கென்று விழுந்தது.
குனிவதற்குள்
நாணயம் விளிம்பில் நிமிர்ந்து
தெற்கே உருண்டது.