பதினோரு பேர்

மூன்று வாரமாகச் சேலம் எனக்கு
வெறும் சாப்பாட்டு மேசைகளாகத் தெரிகிறது.

இதழினிக்கு ஒரு வயது.
அரூரிலிருந்து அவர்கள் வீடு, ராசிபுரத்திலிருந்து எங்கள் வீடு.
எந்தப் பக்கமிருந்து வந்தாலும்
இறங்குவது புது பஸ் ஸ்டாண்டில்தான்.
யார் வாசலும் இல்லாத ஊர் வேண்டும் என்றார்கள்,
இரண்டு பக்கமும், தனித்தனிப் போனில்,
ஏறக்குறைய ஒரே வார்த்தையில்.

ஐந்து ரோட்டில் ஒன்று பார்த்தேன்.
இரண்டாம் மாடி, ஏசி, லிஃப்ட் ரிப்பேர்.
அத்தைக்கு முழங்கால் வலி.
அம்மாவுக்கும் முழங்கால்.
எங்கேயாவது உதவும் என்று
அதை மட்டும் குறித்துக்கொண்டு இறங்கினேன்.

ஜங்ஷன் போகிற வழியில் ஒன்று, தலைவாழை இலை.
"அச்சு அசல் பந்தி மாதிரியே இருக்கும்மா"
மேனேஜர் பெருமையோடு சொன்னார்.
பந்தி மாதிரி இருக்கக் கூடாதுண்ணா என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
எந்தப் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள்
கடைசி இலை எடுக்கும்வரை யார் வெளியே நின்றார்கள்
மாமாவுக்கு நினைவிருக்கும்.
அப்பாவுக்கும் இருக்கும், உள்ளே இருந்தவராக.

செவ்வாய்ப்பேட்டையில் ஃபேமிலி ரூம்.
ஆறு பேர்தான் பிடிக்கும், ரெண்டா தரட்டுங்களா?
நடுவில் பிளைவுட் தடுப்பு.
"தட்டினா கேக்கும்க்கா" என்றான் பையன்,
தட்டியும் காட்டினான்.

ஹஸ்தம்பட்டியில் பஃபே.
அவரவர் தட்டு, அவரவர் கரண்டி,
யாரும் யாருக்கும் பரிமாற வேண்டாம்.
அதற்காகவே பிடித்தது.
அதற்காகவே வேண்டாமென்று வந்துவிட்டேன்.

பேசாமல் ஏற்காடு போய்விடலாமே என்றான் பரணி.
இருபது கொண்டை ஊசி வளைவு, மாமாவுக்கு வாந்தி.
அது உண்மை, ஆனாலும் அவன் சிரித்தான்.

கிழமை வேறு.
சனிக்கிழமை அம்மா கவிச்சி தொடமாட்டாள்.
ஞாயிறு என்றால் ஆடு.
ஆட்டுக்கும் இன்னொன்றுக்கும் முதல் எழுத்துதான் வேறு,
அந்த எழுத்தை மூன்று வருடமாக
யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

கடைசியில் ஓமலூர் ரோட்டில், தரைத்தளத்தில்,
பெரிய வட்ட மேசை.
தலைமாடு இல்லை, கால்மாடு இல்லை.
அட்வான்ஸ் ஐநூறு கட்டினேன்.
ஜக்கையும் டம்ளரையும் எடுத்துவிடுங்கள்,
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வையுங்கள் என்றேன்.
இது எதற்கென்று பரணி கேட்கவில்லை.

ஞாயிறு, மதியம் ஒன்று பத்து.
சர்வர் சிட்டையோடு வந்தார்.
"எல்லாரும் ஒரே ஃபேமிலிங்களா சார்?"
ஏசி சத்தம் நன்றாகக் கேட்டது.
அண்ணி மெனு கார்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.
"பதினோரு பேர்" என்றான் பரணி.
"குழந்தைக்கு உயரமான சேர் ஒண்ணு."

அப்பாவின் பாட்டில் மூடி திறக்கவில்லை.
திருகினார். வேட்டி நுனியால் பிடித்துத் திருகினார்.
மாமா கேட்காமலே கை நீட்டி வாங்கினார்,
ஒரே திருகு,
திருப்பித் தந்தார்.

அப்பா அண்ணாந்து குடித்தார்.

வீட்டிலும் அப்படித்தான் மாமா,
என் டம்ளரில்கூட அவர் வாய் வைத்ததில்லை.
இதைப் போய் இப்போது எப்படிச் சொல்ல?
அப்பாவின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதை
மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.
பிறகு தன் பாட்டிலைத் திறந்தார்.
அவரும் அண்ணாந்தார்.
பழக்கமில்லை போல,
புதுச்சட்டையில் பாதி சிந்திவிட்டது.
அப்பா டிஷ்யூ டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்,
முகத்தைப் பார்க்காமல்.

பிரியாணி வர நேரமானது.
இதழினி கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்,
யாரும் அவளை அதட்டவில்லை.
அத்தை காலை நீட்டி மடக்கி முகம் சுளித்தபோது
அம்மாதான் ஆரம்பித்தாள்:

"நீங்க என்ன தைலம் போடறீங்க?"